கோபத்தில் போட்ட தடம்

ராடெக், நெப்ராஸ்கா
11 ஜனவரி 1987

அன்புள்ள லூமிர் அண்ணாவுக்கு,

தங்கை அல்பினா எழுதுவது. நானும் மைலோவும் நலம். நீயும் டோரீன் அண்ணியும் நலமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸ் அட்டையில் இரண்டு வரிக்கு மேல் எழுதாத உனக்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று பயந்துவிடாதே. காரியமாகத்தான் எழுதுகிறேன்.

நம் கார்ப் பந்தய மண் தடத்துக்கு இந்த வருடம் முப்பது வயது. ஜூலை நான்காம் தேதி மைலோ பெரிய விழா எடுக்கிறார். மலர் ஒன்று அச்சாகிறது. அதில் தடம் பிறந்த கதையை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடமாகக் கோபுரத்தில் உட்கார்ந்து, கோட்டைத் தாண்டும் கார்களின் எண்களைப் பென்சிலால் குறித்து வருகிறேன் இல்லையா, போன வருடம் ஊர் வார இதழில் தடத்தைப் பற்றி எழுதவும் செய்தேன், அதனால் எனக்கு எழுத்து வரும் என்று நினைத்துவிட்டார்கள்.

கதை ஊருக்கே தெரிந்ததுதான். ஐம்பத்தாறு செப்டம்பர், கண்காட்சித் திடலில் தொழிலாளர் தினப் பந்தயம். சவ ஊர்தியிலிருந்து கழற்றிய எஞ்சினைக் குளிர்காலம் முழுக்க நீயே இழைத்து இழைத்துத் தயார் செய்து, அதில் ஓடி ஜெயித்தாய். யாரும் எஞ்சினில் காசைக் கொட்டக் கூடாது என்பதற்காக அப்போது ஒரு விதி. கூட ஓடியவர்களில் எவரும் நூறு டாலரை நீட்டி, ஜெயித்தவனின் எஞ்சினைக் கேட்கலாம். கேட்டால் அங்கேயே கழற்றிக் கொடுக்க வேண்டும். மைலோ கேட்டார், நீ மறுத்தாய், ஆயுள் தடை போட்டார்கள். மகனுக்கு நேர்ந்ததைப் பொறுக்காத அப்பா, அந்தக் கோபத்தில் நம் மேய்ச்சல் நிலத்திலேயே தடம் போட்டார். நீயோ திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரேகானுக்குப் பஸ் ஏறிவிட்டாய். அதுவரை எதிரியாக இருந்த மைலோ வந்து உன் காரை ஓட்டி அப்பாவின் மானத்தைக் காப்பாற்றினார், பிறகு என்னையும் கட்டிக்கொண்டார்.

அன்று உள்வேலிக்குள் பெண்களை விட மாட்டார்கள். பதினாறு வயதில் நான் படிமேடையில் நின்றுதான் பார்த்தேன். அப்பா உன் தோளைப் பிடித்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார்? அந்த ஒரு வரி கிடைத்தால் கட்டுரைக்கு உயிர் வந்துவிடும். விழாவுக்கும் வாயேன். பழசையெல்லாம் யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

அண்ணிக்கு என் அன்பு.
அல்பினா

*

மில் க்ரீக், ஒரேகான்
24 பிப்ரவரி 1987

அன்புள்ள ஆல்பி,

நலம். நவம்பரில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. மலைச்சாலை சரிந்து, மரம் ஏற்றும் லாரி பத்து நாளாகச் சும்மா நிற்கிறது. முழங்கால் ரேடியோவுக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. டோரீன் நீ அனுப்பிய கசகசாவைப் போட்டுக் கொலாச்சி இனிப்பு ரொட்டி செய்தாள். எனக்குப் பிடித்தது. அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

தடத்தை அப்பா போட்டார் என்று எழுது. அது பொய்யில்லை. நடுவில் குளம் வெட்டி, அந்தக் களிமண்ணைச் சுற்றிலும் பரப்பினார். வெள்ளிக்கிழமை தண்ணீர் விட்டால் சனிக்கிழமை டயர் நன்றாகப் பிடிக்கும். இதையே ஒரு பக்கம் எழுதலாம்.

அப்பா என்ன சொன்னார் என்று ஞாபகமில்லை. உன் வீட்டுக்காரரைக் கேள். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
லூமிர்

*

ராடெக்
8 மார்ச் 1987

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தில் மழைக்கும் கசகசாவுக்கும் கிடைத்த இடத்தில் பாதி என் கேள்விக்குக் கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். லாரி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இப்படிக் கஞ்சர்களா, நீ மட்டும்தானா?

நீ சொன்னபடி மைலோவைக் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு, எல்லாருக்கும் தெரிந்ததை எழுதினால் போதும், தோண்டிக்கொண்டே போகாதே என்றார். மனிதருக்கு விழா வேலையில் தலை சுற்றுகிறது, அதுதான் எரிச்சல்.

எனக்கு ஒரு யோசனை. பயிர்ப் பரப்பு அளப்பதற்காக அரசாங்கம் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் பண்ணை அலுவலகத்தில் இருக்கின்றன. அங்கே வேலை செய்யும் ஓப்பல் ஸ்வோபோடா என்னோடு படித்தவள். வெறும் மேய்ச்சல் நிலமாக இருந்தபோது ஒரு படம், தடம் போட்ட பிறகு ஒரு படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் மலர் எடுப்பாக இருக்கும். அடுத்த வாரம் போகிறேன்.

மழையில் நனையாதே.
அல்பினா

*

ராடெக்
29 மார்ச் 1987

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல். உன் பதில் வரவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓப்பல் படத்தை மேசை மேல் விரித்தாள். ஓரத்தில் தேதி அச்சடித்திருக்கிறது: 19 ஜூலை 1956. நம் வீடு, சோளக் குதிர், ஓடை எல்லாம் தெரிகிறது. ஓடைக்குத் தெற்கே, வெறும் புல்லாக இருக்க வேண்டிய இடத்தில், தடம் இருக்கிறது. முழு நீள்வட்டம். நான்கு வளைவுகளும் மேடேற்றி, நடுவில் குளம் வெட்டி, தெளிவாக இருக்கிறது. ஓரத்தில் ஒரு புல்டோசர்கூட நிற்கிறது.

உன் எஞ்சினைக் கேட்டது செப்டம்பரில். அதற்குப் பிறகுதானே அப்பாவுக்குக் கோபம் வந்தது? வராத கோபத்துக்கு ஜூலையிலேயே தடம் போடுவார்களா? தேதி தப்பாக இருக்கும் என்றேன். அரசாங்கம் பயிரைத்தான் தப்பாக எண்ணும், தேதியைத் தப்பாகப் போடாது என்கிறாள் ஓப்பல்.

அந்தக் கோடையில் என்னை லிங்கனில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். நீ வீட்டில் இருந்தாய். அங்கே என்ன வேலை நடந்தது? சீக்கிரம் எழுது.

அல்பினா

*

மில் க்ரீக்
2 மே 1987

அன்புள்ள ஆல்பி,

நாங்கள் நலம். சாலை சரியாகி வேலை தொடங்கிவிட்டது. அதனால்தான் தாமதம்.

அந்தக் கோடையில் மாடுகளுக்குக் குளம் வெட்டுவதாக அப்பா சொன்னார். நான் பகலில் அரவை மில்லில் வேலைக்குப் போனேன். தூரத்திலிருந்து பார்த்தால் மண் குவியல்தான் தெரியும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்.

படத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. உனக்கு வீடு இருக்கிறது, புருஷன் இருக்கிறார், ஊரில் நல்ல பெயர் இருக்கிறது. ஒரு மலருக்காக எதற்கு இதெல்லாம்?

லூமிர்

*

ராடெக்
10 மே 1987

அண்ணா,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இரு.

நீ வைத்துவிடு என்றதும் மறுநாளே திரும்பப் போனேன். படத்தின் பின்னால் ஒரு சீட்டு குத்தியிருந்தது. பதினோரு ஏக்கரைப் பண்ணைக் கணக்கிலிருந்து நீக்கியதற்கான சீட்டு, அதே ஜூலையில் எழுதியது. காரணம் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்தில் 'பந்தயத் தடம்' என்று இருக்கிறது. கீழே வென்சல் ஜெலெங்கா என்று அவர் பெயர். சாட்சி: மைலோ குபிக்.

1956 ஜூலையில் அந்த இருவரும் தேவாலய வாசலில்கூட முகம் பார்த்துப் பேச மாட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முப்பது வருடமாக அப்படித்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சீட்டின்படி அன்று புல்டோசர் ஓட்டியதே மைலோதான்.

வீட்டுக்கு வந்து சீட்டின் நகலை மேசையில் வைத்தேன். மைலோ மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தடம் இருந்தா கூட்டம் வராது ஆல்பி. திடலை விட்டு ஜனங்க நம்ம பக்கம் வரணும்னா அவங்களுக்கு ஒரு கோவம் வேணும். உங்கப்பா யோசிச்சு வச்சாரு. என்கிட்ட எஞ்சினைக் கேளுன்னாரு, கேட்டேன். அவன்கிட்ட குடுக்காதேன்னாரு, அவன் குடுக்கல."

லூமிருக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா அவன் மூஞ்சியில அப்படிக் கோவம் வந்திருக்குமா?" என்றான்.

இருபத்தெட்டு வருடம் இவனுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறேன். இனி உன் முறை. எல்லாவற்றையும் எழுது.

அல்பினா

*

மில் க்ரீக்
18 மே 1987

அன்புள்ள ஆல்பி,

நீ கேட்டுவிட்டாய். எழுதுகிறேன்.

மைலோ நூறு டாலரை நீட்டினபோது நான் கொடுக்கத்தான் இருந்தேன். ஸ்பானரைக்கூட எடுத்துவிட்டேன். எஞ்சின் போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம், ஓடுவதை விட முடியாது என்பதுதான் என் எண்ணம். அப்பா தோளைப் பிடித்து, "குடுக்காதே. நான் இருக்கேன்" என்றார். அவர் இருக்கிறார் என்று நம்பி மறுத்தேன்.

தடை வந்தது. அப்பா தன் நிலத்தில் தடம் போடுவதாக அறிவித்தார். கோடையில் வெட்டின குளத்து மண் நல்லவேளையாகக் கைவசம் இருக்கிறது என்றார். அதையும் நம்பினேன். எனக்காகச் செய்கிறார் என்று அந்தக் குளிர்காலம் முழுக்கக் கை வெடிக்க வெடிக்க வேலி நட்டேன். படிமேடைப் பலகை ஒவ்வொன்றும் நான் அறைந்தது.

ஐம்பத்தேழு மே மாதம், திறப்பு விழாவுக்கு முந்தின வாரம், பந்தயச் சங்கத்தின் உரிமச் சீட்டு வந்தது. வேறு தடங்களில் தடை செய்யப்பட்டவர்களை இங்கேயும் விடக் கூடாது என்பது நிபந்தனை. அப்பா மார்ச்சிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார். கேட்டதற்கு, "ஒரு வருஷம் பொறுடா. கார் சும்மா நிக்க வேணாம், மைலோ ஓட்டட்டும்" என்றார். கொட்டிலுக்குப் போனேன், அப்பாவும் பின்னால் வந்தார். என் காரில் இருக்கையை மைலோவின் நீளக் காலுக்கு ஏற்றபடி ஏற்கெனவே பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருந்தது. அவனே அங்கே நின்றிருந்தான். எவ்வளவு நாளாக இது நடக்கிறது என்று கேட்டேன். அவன் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். எனக்கு அது போதும்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு எந்தத் தடத்திலும் கார் ஓட்டவில்லை. லாரி மட்டும்தான்.

லூமிர்

*

ராடெக்
8 ஜூன் 1987

அண்ணா,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அப்பா மேல் கோபம், இவன் மேல் கோபம், உன் மேலும் கோபம். ஆமாம், உன் மேலும்தான்.

ஐம்பத்தொன்பதில் நான் இவனைக் கட்டிக்கொண்டபோது கம்பளிப் போர்வை ஒன்று அனுப்பினாயே. அதன் மடிப்புக்குள் ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா? இவனைக் கட்டாதே என்று சொல்ல வேண்டாம், இவன் யார் என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். என்னைக் கிணற்றில் தள்ளியவர்கள் இரண்டு பேர். கரையில் நின்று பார்த்தவன் நீ.

அப்பா செத்தபோதாவது வந்திருக்கலாம். ஆறு பேர் தூக்க வேண்டிய சவப்பெட்டியை ஐந்து பேர் தூக்கினார்கள். பெற்ற மகன் எட்டிப் பார்க்கவில்லை என்று ஊரே பேசியது, நானும்தான் பேசினேன். அன்று வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்குப் பதினாறு வருடமாவது மிச்சமாகியிருக்கும்.

உண்மையை அப்படியே எழுதிவிட்டேன். படம், சீட்டு, உரிமம் எல்லாம் கட்டுரையில் இருக்கிறது. நீ தப்பு செய்து ஓடிப்போனவன் இல்லை என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். அச்சகத்தில் நானே நேரில் கொடுத்தேன்.

அண்ணி நலமா?
அல்பினா

*

ராடெக்
6 ஜூலை 1987

அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. என் வாய்க்கு அது வேண்டியதுதான். ஆனால் இதை நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

மலர் ஒன்று உறையில் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தைப் பார். பழைய கதையேதான். கோபக்கார அப்பா, ஓடிப்போன மகன், கை கொடுத்த மைலோ. அடியில் என் பெயர், என் படம். அச்சகத்துக்குப் போய் என் கட்டுரையை எடுத்துவிட்டு இதைக் கொடுத்திருக்கிறான். வாக்கியங்கள்கூட என்னுடையவை. போன வருடம் வார இதழுக்கு நான் எழுதியதிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறான்.

எனக்கு இது விழா அன்றுதான் தெரியும். நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் அறிவிப்பாளர் அந்தப் பக்கத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார். ஓடிப்போன மகன் என்ற இடத்தில் சிலர் சிரித்தார்கள். முடிந்ததும் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பி எனக்குக் கை தட்டினார்கள்.

பென்சிலை வைத்துவிட்டு ஏணியில் இறங்கினேன். கார்கள் அதற்குள் கிளம்பிவிட்டன. எத்தனை சுற்று போயிற்று, யார் முன்னால், யார் ஒரு சுற்றுப் பின்னால் என்று எழுத ஆளில்லை. கொடி காட்டுபவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கடைசியில் சிவப்புக் கொடியைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். இருபது கார்கள் வரிசை தெரியாமல் புழுதியில் உறுமிக்கொண்டு நின்றன. மைலோ வேலியோரம் ஓடி வந்து, "ஜனங்க முன்னாடி மானத்தை வாங்காதே, மேல போ" என்றான். அந்தப் பக்கத்தில் என் பெயரைப் போட்டபோது என் மானம் எங்கே போனது என்று கேட்டேன். நான் நடந்தே வெளியே வந்துவிட்டேன்.

இப்போது ஓப்பல் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். கீழே அவள் முகவரி எழுதியிருக்கிறேன். ஒரு வரி போடு.

அல்பினா

*

மில் க்ரீக்
31 ஜூலை 1987

அன்புள்ள ஆல்பி,

நாங்கள் சுகம். மலர் வந்தது. டோரீன் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனாள். வேண்டாம், உன் படம் இருக்கிறது என்று வாங்கி வைத்தேன்.

ஜூனில் வந்த கடிதத்துக்குப் பதில் எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். உறையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். எழுபத்தொன்றில், அப்பா பக்கவாதத்தில் விழுந்த வாரம் நீ எழுதியது. அது வந்தபோது, அப்பாவின் செய்தி கேட்டு நான் பஸ் டிக்கெட் வாங்கியிருந்தேன். படித்துவிட்டு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்பா என்னை ஏமாற்றினார். அவருக்கு ஒரு தடம் வேண்டியிருந்தது. மைலோவுக்கு ஒரு கார் வேண்டியிருந்தது. அது எனக்குப் புரிந்தது, இரண்டு மூன்று வருடத்தில் ஆறியும் போனது. உனக்கு என்னிடமிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஏன் போனாய் என்று ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை. நான் தப்பு செய்து ஓடினேன் என்று எல்லோரும் சொன்னபோது, கூடவே வளர்ந்த நீயும் நம்பினாய். எனக்கு ஆறாதது அது ஒன்றுதான்.

கல்யாணத்தின்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொன்னால் யாரை நம்பியிருப்பாய், ஆல்பி?

லூமிர்

*

ராடெக்
19 ஆகஸ்ட் 1987

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

தாளைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். 'பெட்டியைத் தூக்க இங்கே ஆள் இருக்கிறது. ஓடிப்போனவன் வராதே.' எழுதியது எனக்கு நினைவில் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்வது, எழுதியதைவிட வெட்கமாக இருக்கிறது. உன் வாழ்க்கையில் பதினாறு வருடமாகக் கிடந்த தாள், என் தலையில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அந்தத் தாளை நீ வைத்திருக்க, நீ வரவில்லை என்று நான் உன்னிடமே குற்றம் சொன்னேன்.

நீ கேட்டதற்குப் பதில்: மைலோவைத்தான் நம்பியிருப்பேன்.

என் பழைய கட்டுரையின் நகலை எடுத்துக்கொண்டு வார இதழ் அலுவலகத்துக்குப் போனேன். கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். அதில் எழுபத்தொன்றில் எழுதிய அந்தக் கடிதம், ஒரு எழுத்துகூட மாற்றாமல், எழுதியவள் பெயரோடு இருக்கிறது. ஆசிரியர் இதை எடுத்துவிடலாமே, உங்களுக்கு அசிங்கம் என்றார். இரண்டு பேர் செய்ததை ஊருக்குச் சொல்லிவிட்டு மூன்றாவது ஆளை மறைத்தால், அதுவும் மைலோ செய்த வேலைதான் என்றேன். போன வியாழக்கிழமை வெளியானது.

பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. பேக்கரியில் இரண்டு பெண்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். கிழவர் ஒருவர் வந்து, அன்று திடலில் உன்னைப் பார்த்துக் கூச்சல் போட்டவர்களில் தானும் ஒருவன் என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை தடத்தில் கூட்டம் குறையவில்லை. என் இடத்தில் வேறு ஒருத்தி எண்களை எழுதுகிறாள். மைலோ ஆள் அனுப்பினான், நான் போகவில்லை, இனிப் போகவும் மாட்டேன்.

ஜனவரியில் விழாவுக்கு வாயேன் என்று எவ்வளவு சுலபமாக எழுதினேன் பார். இன்று அந்த வார்த்தையை எழுத வேண்டும் என்றுதான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் வராதே என்று எழுதியது இந்தக் கைதான். அதே கையால் வா என்று எழுத எனக்கு உரிமை இல்லை அண்ணா. அதனால் எழுதவில்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
அல்பினா